பேர் எழுதாத பெண்டுகள்

கடல் கடந்த செவிலியர்: 7

பழையசீவரத்துக்குப் பொங்கலுக்கு மறுநாள் போக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வரதராசர் பார்வேட்டைக்காக எழுந்தருளி, மலைமேல் ஏறி லட்சுமி நரசிம்மர் கோயிலில் இறங்குவார். பிறகு ஆற்றைக் கடந்து அக்கரைத் திருமுக்கூடலுக்குப் போவார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. நான் போனது அந்த நாளில் இல்லை. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில், பாலாற்றுப் பாலத்தை நடந்தே கடந்தேன். திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு அது. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. இந்தக் கோயிலில் வேதமும் இலக்கணமும் படித்த மாணவருக்குப் பள்ளி இருந்ததையும், அவர்கள் தங்க இடம் இருந்ததையும், நோயுற்றோருக்கு ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை இருந்ததையும் அது சொல்கிறது. ஆதுலசாலை என்றால் ஆஸ்பத்திரிதான். பதினைந்து நோயாளிகள் படுக்க இடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் தனியே வருகிறது: வில்வாதி கிருதம், தசமூல அரீதகி, கல்யாண லவணம் என்று இருபது வரை. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்கூடக் கணக்கில் உண்டு. நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில் ராத்திரி விளக்கு அணையக்கூடாது என்று நினைத்த யாரோ ஒருவர், அதைக் கல்லில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

வேலை செய்தோர் பட்டியல்தான் என்னை அங்கே நிறுத்தியது. மருத்துவன் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். அவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். சல்லியம், அதாவது அறுவை செய்பவனுக்கு 30 கலம். மருந்துக்கான மூலிகையும் விறகும் கொண்டுவருவோர் உண்டு. நாவிதன் உண்டு, தண்ணீர் கொண்டுவருபவன் உண்டு. மருந்து காய்ச்சிக் கொடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்டுகள் இருவர். அந்த இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 30 கலம் நெல்லும் 1 காசும். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நானாழி நெல் என்று ஆகிறது.

மருத்துவனுக்குப் பேர் இருக்கிறது. மற்றவர்களுக்கு வேலைதான் பேர். அந்த இரண்டு பெண்கள் யார், எந்த ஊர், யார் மகள் என்று கல் சொல்லவில்லை. பதினைந்து நோயாளியையும் தொட்டுத் தூக்கியவர்கள் அவர்கள்தான்.

இதே வீரராசேந்திரன்தான், தன்னிடம் அடைக்கலம் கேட்டு வந்த ஓர் அரசனுக்காகக் கடாரத்தை வென்று கொடுத்ததாகத் தன் மற்றக் கல்வெட்டுகளில் சொல்லிக்கொள்கிறான். அவன் தந்தை இராசேந்திரன் 1025 வாக்கில் கடல் கடந்து அடித்த அதே கடாரம். இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். கப்பலேறிப் போன அந்தச் சோழப் படைகளோடு காயத்துக்குக் கட்டுப்போட யார் போனார்கள் என்று எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை. யானைக்கும் பொன்னுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கடாரத்தில் சுமார் 900 ஆண்டுகள் கழித்து, காட்டை அழித்து நட்ட ரப்பர் மரங்களுக்கு நடுவே தமிழ்ப் பெண்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் 1943-44இல் இராணுவச் செவிலியர் ஆனார்கள். இந்த வாரம் அவர்கள் கதை.

சென்ற வாரம் பார்த்த முதல் உலகப் போரின் ‘மதராஸ்’ மருத்துவக் கப்பலில், செவிலியர் என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1888 மார்ச் 28 அன்று பத்துச் செவிலியர் இங்கிலாந்திலிருந்து பம்பாயில் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் இராணுவச் செவிலியர் பணி தொடங்கியதே அன்றுதான். அவர்கள் வந்தது பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பார்த்துக்கொள்ள. இந்தியச் சிப்பாய்க்குப் பக்கத்தில் இந்தியச் செவிலி நிற்கும் காலம் வர அதன்பின் நெடுநாள் ஆனது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871லேயே தாதியர் பயிற்சி தொடங்கியும்கூட, ‘நல்ல குடும்பத்துப் பெண்’ அந்த வேலைக்குப் போவதா என்ற கேள்வி நம் ஊர்களில் அடங்கவில்லை. அன்னியனின் மலத்தையும் சீழையும் தொடும் வேலை அது. சாதியும் கூச்சமும் அதன் குறுக்கே நின்றன.

மலாயாவில் அந்தச் சுவரை உடைத்தது சீர்திருத்தக்காரரின் பேச்சு இல்லை. போரும் பசியும்தான் உடைத்தன.

வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போனது எல்லோரும் அறிந்த செய்தி. பாலாற்றுப் பக்கத்துச் சனங்களுக்கு ஆவடி முகாம், தெற்கே உள்ளவர்களுக்கு நாகப்பட்டினம். அங்கிருந்து கப்பலேறினால் பினாங்கு. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்றுப் போகும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. அதற்குள் மூன்று தலைமுறை அங்கே வேர்விட்டிருந்தது. லயத்து வீடு, விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுமுன் பால் வெட்டு, கிராணி, தண்டல், மேலே துரை. காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா கொடுக்கும் கலவை மருந்து. குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். இதுதான் அந்தப் பெண்கள் அறிந்த உலகம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் ஓடிப் போனார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறானது. பிறகு சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை. 1943 அக்டோபரில் அது முடியுமுன், தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் அடி உதையிலும் மாண்டார்கள். அப்பனை, அண்ணனை, புருஷனைப் பறிகொடுத்த லயங்களில் எஞ்சி நின்றது பெண்களும் பிள்ளைகளும். 1943இல் பெண்களுக்கென்று அமைந்த ஜான்சி ராணிப் படைக்கு ஏன் இத்தனை தோட்டத்துப் பெண்கள் போனார்கள் என்று கேட்பவர்கள் இந்த ஆண்டுகளை மறந்துவிட்டுக் கேட்கக்கூடாது. தேசப்பற்று உண்டு, மெய்யாகவே உண்டு. அதோடு ஒரு வேளைச் சோறும், உடம்புக்குத் துணியும், கண்ணியத்தோடு நம்மை அழைக்கும் ஒரு குரலும் வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் அவர்கள் தியாகம் ஒரு மாற்றுக் குறைவதாக நான் கருதவில்லை.

அந்தக் குரலோடு வந்தவர் சுபாஷ் சந்திர போஸ். 1943 ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தார். ஜூலை 9 அன்று பாடாங் திடலில் பெருங்கூட்டம். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று அங்கேயே கேட்டார். ஜூலை 12 அன்று பெண்கள் கூட்டத்துக்கு அவர் வந்தபோது, இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்து மரியாதை செய்தார்கள். அந்த இருபது பேரைத் திரட்டிப் பழக்கியவர் ஒரு டாக்டர்.

இலட்சுமி சுவாமிநாதன். 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர். தந்தை சுவாமிநாதன் பேர்பெற்ற வழக்கறிஞர், தாய் அம்மு சுவாமிநாதன் காங்கிரஸ்காரர். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்று, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1940இல் சிங்கப்பூர் போய், ஏழை இந்தியத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவம் பார்க்கும் கைகள். போஸ் கூப்பிட்டதும் மறுநாளே ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டுப் போனவர் என்று இவரைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. வங்காளமும் பஞ்சாபும் இந்துஸ்தானியில் கட்டளை பேசிய ஒரு படையில், தோட்டத்துப் பெண்ணிடம் தமிழில் ‘உனக்கு என்னம்மா பண்ணுது?’ என்று கேட்கக்கூடிய தலைவி ஒருத்தி இருந்தாள். படையில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர்.

1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. அதற்கு முந்தின நாள்தான் ‘ஆசாத் ஹிந்த்’ என்ற தற்காலிக இந்திய அரசை போஸ் அறிவித்திருந்தார். இலட்சுமி அதில் பெண்கள் துறை அமைச்சர். நவம்பருக்குள் முகாமில் முந்நூறு பேர் தாண்டிவிட்டார்கள். விடியலில் உடற்பயிற்சி, பிறகு அணிவகுப்பு, துப்பாக்கி, வரைபடம் படித்தல், இரவில் இந்துஸ்தானி வகுப்பு. கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். காக்கி கால்சட்டை போட்டார்கள். சேலையைத் தவிர வேறு உடுத்தாத பெண்ணுக்கு அந்தக் கால்சட்டை எவ்வளவு பெரிய எல்லைக்கோடு என்பதை நம் பாட்டிமாரை நினைத்தால் விளங்கும்.

1944 மார்ச் 30 அன்று பயிற்சி நிறைவு அணிவகுப்பு. இவர்களில் ஏறத்தாழ 200 பேரைப் பிரித்துச் செவிலியர் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பிரிவுக்கு ‘சாந்த் பீவி செவிலியர் படை’ என்று பெயர். சாந்த் பீவி, அகமதுநகர்க் கோட்டையை முகலாயரிடமிருந்து காத்து நின்ற அரசி. காயத்துக்குக் கட்டுப்போடும் பிரிவுக்கும் ஒரு வீராங்கனையின் பெயரைத்தான் தேடி வைத்தார்கள். ஆனாலும் முகாமில் எல்லோர் ஆசையும் துப்பாக்கிமேல்தான் இருந்தது. செவிலியர் பிரிவு இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் அன்றும் இருந்தது. இன்றும் ஜான்சி ராணிப் படை என்றதும் அச்சாகும் படம், தோளில் துப்பாக்கியோடு நடக்கும் பெண்கள். அவர்கள் மெய்யாகக் கண்ட போர் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நடந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது.

பர்மாவுக்கு அவர்கள் போன நேரத்தில் இம்பால் போர் தொடங்கியிருந்தது. போஸின் இந்திய தேசிய இராணுவத்தின் முதல் டிவிஷன் ஜப்பானியரோடு சேர்ந்து மணிப்பூர் எல்லைக்குப் போயிருந்தது. ராணிகள் என்று அழைக்கப்பட்ட இந்தப் பெண்களின் முன்னணிக் குழு ஒன்று மேமியோவுக்கு வந்தது. மாண்டலேக்குக் கிழக்கே உள்ள மலையூர் அது. வெள்ளைக்காரன் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய ஊர், நம் ஊட்டி மாதிரி. இம்பால் விழுந்ததும் வெற்றிப் படையோடு இந்திய மண்ணில் கால்வைக்க வேண்டும் என்பது திட்டம். வெற்றி வரவில்லை. மழை வந்தது.

1944இன் அந்தப் பருவமழையைப் பற்றி எழுதாமல் இந்தச் செவிலியரைப் பற்றி எழுத முடியாது. கபாவ் பள்ளத்தாக்கின் வண்டிப் பாதைகள் சேறாகிக் கரைந்தன. லாரி போகாது, மாடு போகாது. அரிசி போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? உலகத்துக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு விளைந்த ஜாவாத் தீவு ஜப்பானியர் கையில்தான் இருந்தது. இருந்தும் பள்ளத்தாக்கில் நடுங்கிக்கொண்டு கிடந்த சிப்பாய்க்கு ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது.

அந்தப் போரைப் பற்றிய ஒரு கணக்கைத் தருகிறேன். முனைக்குப் போன இந்திய தேசிய இராணுவத்தார் சுமார் 6,000 பேர். சண்டையில் செத்தவர் சுமார் 400. நோயிலும் பட்டினியிலும் செத்தவர் சுமார் 1,500. சரணடைந்தவரும் பிரிந்து போனவரும் மற்றொரு 1,500. திரும்பி வந்தவர் 2,600. அந்த 2,600 பேரில் ஏறக்குறைய 2,000 பேரை நேரே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

குண்டு கொன்றதைப்போல நான்கு மடங்குக்குக் கிட்டத்தட்ட, வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் கொன்றிருக்கின்றன. கிரிமியப் போரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் கண்டதும் இதையேதான். எதிரியின் குண்டைவிடத் தன் முகாமின் அழுக்குத் தண்ணீர் அதிகம் பேரைக் கொல்லும். அப்படிப்பட்ட போரில் முன்வரிசை எது? எங்கே அதிகம் பேர் சாகிறார்களோ அது. மேமியோ, மோனிவா, ரங்கூன் ஆஸ்பத்திரிகள்தான் 1944 ஆடி ஆவணியில் அந்தப் படையின் முன்வரிசை. அங்கே நின்றவர்களில் ராணிகளும் இருந்தார்கள்.

வந்து சேர்ந்தவர்கள் எப்படி இருந்தார்கள்? எலும்பும் தோலுமாக, உடம்பெல்லாம் சொறியும் புண்ணுமாக, பல நாள் நடந்து. மலேரியா, சீதபேதி, பெரிபெரி, டைபஸ். ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று இருக்கும். இவர்களைப் பார்த்துக்கொள்வது என்பது என்ன வேலை என்று, ஒரு வார்டில் இரவு கண்விழித்தவர்கள் அறிவார்கள். குளிர்க்காய்ச்சல் ஏறும்போது இருக்கிற கம்பளியை எல்லாம் போர்த்த வேண்டும். இறங்கும்போது வேர்வையில் நனைந்ததை எல்லாம் எடுத்துத் துடைக்க வேண்டும். ஒருவனுக்கு ஏறும்போது அடுத்தவனுக்கு இறங்கும். சீதபேதிக்காரன் ஒரு நாளில் இருபது முப்பது தடவை போவான். எழ முடியாதவனுக்குச் சட்டி வைத்து, எடுத்து, கழுவி, மறுபடி வைக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது. கொதிக்கவைக்க விறகு வேண்டும், மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். கட்டுத்துணி தீர்ந்துவிட்டால் பழையதைத் துவைத்து, வேகவைத்து, உலர்த்தி, அடுத்தவன் புண்ணுக்குக் கட்டுவார்கள். பட்டினி கிடந்த குடலுக்குச் சோறு கொடுத்தால் ஆளே போய்விடுவான். கஞ்சித் தண்ணி, உப்புப் போட்டு, ஸ்பூன் ஸ்பூனாக.

இது எதற்கும் பதக்கம் கிடையாது. இதற்குப் படிப்பும் குறைவாகவே போதும். பொறுமை நிறைய வேண்டும். லயத்தில் ஏழு பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்த பெண், காய்ச்சலில் கிடந்த தம்பிக்குக் கஞ்சி ஊட்டிய பெண், இந்த வேலையை எந்தப் புத்தகத்திலிருந்தும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. அவள் புதிதாகக் கற்றது ஒன்றுதான்: தம்பி அல்லாத ஓர் ஆணின் உடம்பையும் கூசாமல் தொடுவது. பஞ்சாபி முஸல்மான், சீக்கியன், கூர்க்கா, மதராஸி எல்லோரும் ஒரே கொட்டகையில் கிடந்தார்கள். யார் தொட்ட தண்ணீர் என்று அங்கே கேட்கும் நிலையில் ஒருவனும் இல்லை. அந்தப் படையில் போஸ் வலியுறுத்திய ஒற்றுமை, பேச்சில் இருந்ததைவிட அந்தக் கொட்டகையில் கெட்டியாக இருந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் படையின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரும் தமிழரே. ஆர்க்காடு துரைசாமி லோகநாதன். இந்திய மருத்துவப் பணியில் இருந்த அதிகாரி. சிலகாலம் அந்தமானுக்கு ஆசாத் ஹிந்த் அரசின் ஆணையராக அனுப்பப்பட்டவர். 1945 ஏப்ரலில் போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது, அங்கே எஞ்சிய ஆயிரக்கணக்கான சிப்பாய்களையும் ஊர் இந்தியரையும் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுப் போனது இவரிடம்தான். ஜப்பானியர் போய் பிரிட்டிஷார் வராத அந்த இடைவெளி நாட்களில் ரங்கூனில் கொள்ளை பெருகாமல் காத்தவர்களில் இவர் முதன்மையானவர்.

வானம் ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்கவில்லை. மேமியோவில் விமானத் தாக்குதலின்போது ராணிகள் பதுங்குகுழியில் கிடந்து பிழைத்தார்கள். 1945 பிப்ரவரியில் ரங்கூன் அருகே மியாங்கில் இருந்த இந்திய தேசிய இராணுவ ஆஸ்பத்திரிமேல் குண்டுமழை பொழிந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் படுக்கையிலேயே மாண்டார்கள். கொட்டகை எரியும்போது நடக்க முடிந்த நோயாளி ஓடிவிடுவான். நடக்க முடியாதவனை யாராவது தூக்க வேண்டும்.

பின்வாங்கும் பயணத்தை இந்தப் படையின் வரலாற்றை எழுதிய எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் 24 இரவு போஸ் ரங்கூனை விட்டார். தன்னோடிருந்த ராணிகளைப் பத்திரமாக அனுப்பாமல் நகர மாட்டேன் என்று நின்றவர் அவர். லாரிகள் கொஞ்ச தூரம். பிறகு நடை. பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் ஒளிவது, இரவில் நடப்பது. சித்தாங் ஆற்றைக் கடந்து மௌல்மீன், அங்கிருந்து பாங்காக். பெண்களை வழிநடத்தியவர் ஜானகி தேவர். 1925இல் கோலாலம்பூரில் பிறந்தவர், அப்போது வயது இருபது. போஸின் முதல் கூட்டத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அப்பாவோடு போராடிப் படையில் சேர்ந்தவர். வழியில் ஒரு நாள் போஸ் காலணியைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளம். லாரியில் ஏறச் சொல்லிப் பலரும் கெஞ்சியும் அவர் நடந்தேதான் வந்தார். அந்தப் பெண்களின் பாதம் எப்படி இருந்தது என்று யாரும் தனியே எழுதி வைக்கவில்லை. அதே தூரத்தைத்தான் அவர்களும் நடந்தார்கள், முதுகில் மூட்டையோடு.

ரயிலில் அனுப்பப்பட்ட ராணிகளில் எல்லோரும் ஊர் போய்ச் சேரவில்லை. பர்மாவில் கொரில்லாக்கள் ரயிலைத் தாக்கியபோது இருவர் இறந்தார்கள். ஸ்டெல்லா, ஜோஸஃபின். எதிரியின் தாக்குதலில் அந்தப் படை இழந்த பெண்களாக நினைவில் நிற்பவர்கள் இந்த இருவரும்தான். இருவர் என்று எழுதும்போது எனக்குத் திருமுக்கூடல் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. இவர்களுக்குப் பேராவது இருக்கிறது. முதல் பேர் மட்டும்.

இலட்சுமி அவர்களோடு திரும்பவில்லை. பர்மாவின் மலைக்காடுகளில் நோயாளிகளோடு தங்கிவிட்டார். அங்கேயே பிரிட்டிஷ் தரப்பிடம் பிடிபட்டார். பர்மாவில் காவலில் வைத்திருந்து, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த மார்ச்சில், அதே படையில் அதிகாரியாக இருந்த பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். காப்டன் இலட்சுமி என்றுதான் நாடு அவரை அறியும். அவர் தன்னைக் கடைசி வரை டாக்டராகவே வைத்துக்கொண்டார். 1971இல் வங்கதேச அகதிகளுக்குக் கல்கத்தாவில் வைத்தியம் பார்த்தார். 1984இல் போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் கான்பூரில் ஏழை நோயாளிகளைப் பார்த்தார். 1998இல் பத்ம விபூஷண், 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளர். 2012 ஜூலை 23 அன்று மறைந்தார்.

ஜானகி, போர் முடிந்ததும் காங்கிரஸ் மலாயாவுக்கு அனுப்பிய மருத்துவக் குழுவோடு சேர்ந்து தோட்டம் தோட்டமாகப் போனார். துப்பாக்கியைக் கீழே வைத்ததும் அவர் கை தேடிப் போனது மருந்துப் பெட்டியை. பிறகு மலாயா இந்தியர் காங்கிரஸின் நிறுவனர்களில் ஒருவர், மலேசிய மேலவை உறுப்பினர். 2000ஆம் ஆண்டு இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. 2014இல் இறந்தார். ஈப்போவிலிருந்து அக்காவோடு போய்ச் சேர்ந்த பதினாறு வயது ராசம்மா, பின்னாளில் ராசம்மா பூபாலன் என்ற ஆசிரியராகி, ஆண் ஆசிரியருக்குச் சமமான சம்பளம் பெண் ஆசிரியருக்கும் வேண்டும் என்று போராடினார்.

இவர்கள் படித்த குடும்பத்துப் பெண்கள். பேட்டி கொடுத்தார்கள், எழுதினார்கள், பதவிக்கு வந்தார்கள். அதனால் தெரிகிறார்கள். பால் வெட்டிய பெண்கள்? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் அவர்கள் காக்கியைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பினார்கள். துரை திரும்பி வந்திருந்தான். பெரட்டும் திரும்பி வந்திருந்தது. முன்பு ராணுவத்தில் இருந்ததைச் சொன்னால் வேலை போய்விடுமோ, மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதோ என்ற பயம் வேறு. ரங்கூனை விடும்போது படையின் காகிதங்கள் பலவும் அழிக்கப்பட்டன. இந்தியாவில் 1972இல் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது சான்று கேட்டார்கள். முதுகில் மூட்டையோடு சித்தாங் ஆற்றைக் கடந்தவள் எந்தச் சான்றைக் கொண்டுவருவாள்? கப்பலேறி ஊர் திரும்பியவர்களில் சிலர் பெட்டியின் அடியில் ஒரு படத்தை வைத்திருந்தார்கள். பலரிடம் அதுவும் இல்லை.

செவிலி என்பதால் இந்த மறதி இன்னும் ஆழமானது. துப்பாக்கி பிடித்தேன் என்றால் பேரப்பிள்ளை கண்ணை அகல விரித்துக் கேட்பான். சட்டி கழுவினேன், கஞ்சி ஊட்டினேன் என்றால் யார் கேட்பார்? அவளுக்கே அது சொல்லத்தக்க விஷயமாகத் தோன்றியிருக்காது. வீட்டில் செய்ததைத்தானே அங்கேயும் செய்தோம் என்று விட்டிருப்பாள். இப்படித்தான் 2,000 நோயாளிகளைத் தாங்கிய கைகள் வரலாற்றிலிருந்து நழுவின. நம் பாடநூல்களில் ஜான்சி ராணிப் படைக்கு ஓரிரு வரிகள் உண்டு. சாந்த் பீவி செவிலியர் படை என்ற பெயரைத் தமிழ்ப் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை. இது சரியில்லை. அந்தப் படை செய்த வேலைகளில் சந்தேகமில்லாமல் உயிர்களைக் காத்த வேலை அது ஒன்றுதான்.

திருமுக்கூடலில் அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றிருந்தேன். எழுத்துகள் பல இடத்தில் தேய்ந்திருக்கின்றன. விளக்குக்கு எண்ணெய் கொடுத்த சோழன், அந்த விளக்கடியில் கண்விழித்தவர்களின் பேரைக் கேட்கவில்லை. நாம் இன்னும் கேட்கலாம், கொஞ்ச காலம்தான். 1943இல் பதினாறு வயதுப் பெண்ணாக இருந்தவருக்கு இன்று வயது நூறை நெருங்கிவிட்டது. அவர்கள் பிள்ளைகளும் முதியவர்களே.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வாலாஜாபாத், உத்திரமேரூர், செங்கற்பட்டுப் பக்கங்களில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஓர் அத்தை, ஒரு பெரியம்மா, ஓர் ஆயா, நேதாஜி படையில் ‘ஆஸ்பத்திரி வேலை’ பார்த்ததாக யாராவது சொல்லக் கேட்டிருந்தால், அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பேர், பிறந்த ஊர், வேலை பார்த்த தோட்டத்தின் பேர், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள். வந்த பேர் ஒவ்வொன்றையும் இந்தப் பக்கத்தில் அச்சிடுவேன்.